வண்டி சூடாகிற விவரம்

அக்டோபர் 9, வியாழன்

ஏலக்காய் மண்டியில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரி. இத்தனை மாதமும் பரணில் கிடந்தது. மெக்கானிக் அபுதாகிர் சொல்லித்தான் இன்று தூசி தட்டி எடுத்தேன்.

"அண்ணே, எந்த இடத்துல சூடாகுது, எத்தன ஆளு ஏறியிருந்தாங்க, எம்புட்டுத் தண்ணி குடிக்கிது, எல்லாத்தையும் எழுதி வைங்க. மூஞ்சியப் பாத்துச் சொல்ல நான் என்ன ஜோசியக்காரனா?" என்றான்.

எழுதுகிறேன். என் பெயர் தவசிமணி. வண்டி, எண்பத்தாறாம் வருடத்து டீசல் ஜீப். பிடிவாதத்தில் எனக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது என்பது என் வீட்டுக்காரி ஒச்சம்மாளின் கருத்து. ஊர் ஊத்தாம்பாறை, போடிக்கு மேலே. தார் ரோடு செக்போஸ்ட்டோடு தீர்ந்துவிடும். அதற்கு மேல் கல், சேறு, பள்ளம். ஏறி இறங்க என் ஜீப் ஒன்று, எஸ்டேட் ஜீப் ஒன்று. வேறு எதுவும் இந்தப் பாதையில் வராது.

இன்று ஒத்தமரத்து வளைவில் கொதித்தது. ஆறு ஆட்கள், இரண்டு மூட்டை அரிசி. அந்த வளைவு மலையின் தோள்பட்டை மாதிரி. மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் ஓர் ஏற்றம் ஏறித்தான் அதைக் கடக்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவி. ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. இறுக்கிவிட்டேன்.

ஆவணியில் ஒரு கல் தெறித்து ரேடியேட்டரின் அடியில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தது. மலை ஜீப்காரர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினேன். தூள் போய் ஓட்டையில் அடைத்துக்கொண்டது. அன்று முதல் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆகவே இந்தச் சூட்டுக்கு அது காரணமில்லை.

மகள் வினோதா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இதற்கும் வண்டி சூடாவதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அக்டோபர் 10, வெள்ளி

காரணம் பெல்ட் இல்லை. அதே வளைவு, அதே ஆவி. இத்தனைக்கும் இரண்டே பேர்தான் ஏறியிருந்தார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் மாதம் ஒருமுறை மேலே வருவார். இன்று எஸ்டேட் ஜீப்பில் வந்தார். வினோதாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். திரும்பவும் வைத்துப் பார்த்தார். அந்த இரண்டாவது தடவை எனக்குப் பிடிக்கவில்லை.

என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புள்ள தல மேல இருக்குங்க, கால் கீழ இருக்கு. ஆபரேஷன்தான் பண்ணணும். தேதிக்கு இன்னும் நாள் கெடக்கு, ஆனா நீங்க கடைசி வரைக்கும் இங்க வச்சிருக்கக் கூடாது. தீபாவளி முடிஞ்ச கையோட பெரியாஸ்பத்திரியில கொண்டாந்து சேத்துருங்க" என்றார்.

"அதுக்கு முன்னால வலி வந்துட்டா?"

"வலி வந்தாக்கூடப் பரவால்ல. பனிக்குடம் ஒடஞ்சுட்டா ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. இடுப்பத் தூக்கிப் படுக்க வச்சு அப்பிடியே கூட்டிட்டு வந்துரணும். புள்ளைக்கு முன்னால தொப்புள்கொடி எறங்கிருச்சுன்னா..." அதோடு நிறுத்திக்கொண்டார். "நூத்தியெட்டு வண்டி செக்போஸ்ட் வரைக்கும்தான் வரும். தெரியும்ல?"

"ஜீப் இருக்கு சிஸ்டர்" என்றேன். எனக்குப் பின்னால் ஜீப் வாயைப் பிளந்துகொண்டு, ஒரு பக்கத்து விளக்கில் என் துண்டைத் தொங்கவிட்டபடி நின்றது. சிஸ்டர் அதைப் பார்த்தார்.

திருப்பூரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் மாப்பிள்ளை சொன்னார். அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஆஸ்பத்திரி. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான், எங்களுக்கு ஒன்றும் கையாலாகாமல் போய்விடவில்லை, என்னிடம் ஜீப் இருக்கிறது என்று சபையில் வைத்துச் சொன்ன ஆள் நான்தான். வளைகாப்புச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது அப்போது.

அக்டோபர் 13, திங்கள்

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டேன். அது மூடிக்கொண்டால் தண்ணீர் சுற்றாது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் விரிந்திருந்தது, வேறு மூடி போட்டேன். வெளித் தகடுகளில் அப்பியிருந்த சேற்றைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். ஒரு மாடு குளிப்பாட்டுகிற வேலை.

ஒச்சம்மாளுக்குத் திடீரென்று வண்டி மேல் பாசம் வந்திருக்கிறது. கொஞ்ச நாளாக நான் எழுவதற்கு முன்பே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிறாள். "தண்ணி நான் ஊத்திட்டேன், நீங்க டீயக் குடிங்க" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஜீப்பை என் சின்ன வீடு என்று திட்டியவள். பானெட் மேல் மஞ்சள் விரல் தடம்கூட இருந்தது. பொட்டு வைத்திருக்கிறாள் போலிருக்கிறது. இருக்கட்டும், சக்களத்திகள் சமாதானமானால் எனக்கு நல்லதுதான்.

அக்டோபர் 14, செவ்வாய்

சூடு குறையவில்லை. கூடியிருக்கிறது. இப்போது வளைவு வரைகூடப் போக வேண்டியதில்லை, கீழே இறங்கும்போது அதற்கு முன்னால் வருகிற பாலத்திலேயே வாசம் வந்துவிடுகிறது. கருகிய வெல்லம் மாதிரி ஒரு வாசம்.

அக்டோபர் 15, புதன்

ரசம் வெளுத்துப்போய் இருந்தது. கேட்டால் மஞ்சள் தீர்ந்துவிட்டதாம். போன வாரம்தான் அரைக் கிலோ வாங்கி வந்தேன்.

"புள்ளத்தாச்சி இருக்குற வீடு. மஞ்சள் செலவாகத்தான் செய்யும். ஒரு கிலோவா வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் இருக்கிற நிலையில் மஞ்சளுக்கெல்லாம் வழக்கு நடத்த முடியாது. வாங்கி வந்து கொடுத்தேன்.

இன்று முதல் தடவையாக ஹெட் கேஸ்கட் என்று நினைத்தேன். இஞ்சினின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவே இருக்கிற தகடு. அது போய்விட்டால் இஞ்சினையே பிரிக்க வேண்டும். வண்டி ஒரு வாரமாவது ஷெட்டில் படுத்துவிடும். எஸ்டேட் ஜீப் தீபாவளிக்கு முதலாளியோடு கேரளாப் பக்கம் போகிறது.

வினோதா வாசலில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே, "அப்பா, இவன் உதைக்கிறது ஒங்க ஜீப் ஸ்டார்ட் ஆகுற மாதிரியே இருக்குப்பா. ரெண்டு உதை, அப்பறம் ஒரு தும்மல்" என்றாள். சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு பயமாக இருந்தது. பயமாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் கொஞ்சம் இறங்கும் என்று பார்த்தேன். இறங்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி நிறுத்தி, போடியில் அபுதாகிர் ஷெட்டில் வண்டியைக் கொண்டுபோய் விட்டேன்.

அவன் வண்டியை ஆறவிட்டு, மூடியைத் திறந்து, இஞ்சினை ஓடவிட்டு, உள்ளே டார்ச் அடித்தான். கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி வரும். நான் கிணற்றுக்குள் விழுந்த பொருளைத் தேடுகிறவன் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழி வரவில்லை. ஆயில் கம்பியை உருவிக் காட்டினான். ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் டீ நிறத்தில் இருக்கும். கறுப்பாகவே இருந்தது. எனக்கு அங்கேயே அந்தக் கறுப்பு ஆயிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு ரேடியேட்டரின் மேல் கையை வைத்துப் பார்த்து, "கொண்டாங்கண்ணே கைய" என்றான். மேல் பக்கம் சுட்டது. கையைக் கீழே இறக்கினேன். ஜில்லென்று இருந்தது.

"பாத்தீங்களா? மேல கொதிக்கிது, கீழ செத்துக் கெடக்கு. உள்ள இருக்குற குழாயெல்லாம் அடச்சுக்கிச்சு. தண்ணி எறங்கல. என்னத்தண்ணே ஊத்துனீங்க?"

"ஓடைத் தண்ணி."

"மஞ்சள்?"

"ஆவணியில ஒரு ஸ்பூன் போட்டேன்."

"ஒரு ஸ்பூனுக்கெல்லாம் இப்பிடி அடைக்காதுண்ணே" என்று தலையைச் சொறிந்தான். ரேடியேட்டர் கடைக்காரர் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடை திறப்பாராம்.

"அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க. கீழ் வாயில பைப்பச் சொருகி, தலகீழாத் தண்ணிய அடிங்க. அடப்பு மேல் வழியா வந்துரும். ஆனா பழைய ஓட்டையில அடச்சிருக்கிற மஞ்சளும் சேந்து போயிரும். அது தெறந்துக்கிட்டா என்னயத் திட்டாதீங்க."

சூடா, ஒழுகலா என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது?

அக்டோபர் 19, ஞாயிறு

மலை ஊற்றிலிருந்து வருகிற பைப்பை ரேடியேட்டரின் கீழ் வாயில் சொருகிக் கயிற்றால் கட்டினேன். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு மேல் வழியாக ஓர் இருமல் மாதிரி சத்தம், அதன் பின்னால் வந்தது. சேறு இல்லை, துரு இல்லை. மஞ்சள். களியாகக் கட்டிகட்டியாக மஞ்சள். வாசல் முழுக்க மாரியம்மன் கோயில் மஞ்சள் நீராட்டு நடந்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு ஸ்பூன் மஞ்சள் எப்படி இவ்வளவு ஆகும் என்று குழம்பி நிமிர்ந்தால், ஒச்சம்மாள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ரசம் வெளுத்தது ஏன் என்று தெரிந்துவிட்டது.

"நீயாடி?"

"நீங்கதான சொன்னீங்க. மஞ்சளப் போட்டா ஓட்டை அடச்சுக்கிரும், வண்டி வழியில நிக்காதுன்னு."

"நான் போட்டது ஒரு ஸ்பூன்டி! நீ எத்தன போட்ட?"

"தெனமும் ரெண்டு. வெள்ளிக்கெழம ஒரு கை."

"தெனமுமா? எதுக்கு?"

அவள் உள்ளே வினோதா படுத்திருக்கிற பக்கம் ஒரு தரம் பார்த்தாள். "பயமா இருந்துச்சுங்க" என்றாள்.

நான் கத்தினேன். எழுத முடியாத வார்த்தைகளும் அதில் இருந்தன. ஆக்க வேண்டிய நேரத்தில் அழிக்கப் பார்த்தாயே என்றேன். வண்டி நின்றால் உன் மகளை முதுகிலா சுமப்பாய் என்றேன். இனி ரேடியேட்டரில் மஞ்சள் போட மாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் அழவில்லை. விளக்குமாற்றை எடுத்து வாசலில் கிடந்த மஞ்சளைக் கூட்டித் தள்ளினாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பாலம் வரை போய்த் திரும்பினேன். சூடாகவில்லை. அடியில் குனிந்து பார்த்தேன். சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆவணியில் விழுந்த அதே இடம். வீட்டுக்கு வந்து பார்த்தால் சொட்டு கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

மழை பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை ரேடியேட்டரைச் சரிசெய்துவிட்டுச் சனிக்கிழமை கிளம்பலாம் என்றிருந்தேன், இனிமேல் அதுவரை காத்திருப்பதாக இல்லை. நாளைக் காலையிலேயே வினோதாவைக் கீழே கொண்டுபோய் விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இடம் கொடுக்காவிட்டால் லாட்ஜில் தங்கிக்கொள்வோம். நான்கு கேன் தண்ணீர் ஏற்றி வைத்திருக்கிறேன். பின்னால் மெத்தை போட்டாயிற்று.

ஒச்சம்மாள் அதிரசம் வைத்துவிட்டுப் போனாள். நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 22, புதன். போடி, ஆஸ்பத்திரி வராண்டா

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

காலையில் பை எல்லாம் கட்டி, வினோதா செருப்பை மாட்டக் குனிந்தாள். அப்படியே நிமிர்ந்து, "அம்மா" என்றாள். தரையெல்லாம் தண்ணீர். பனிக்குடம்.

இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து மெத்தையில் படுக்க வைத்தோம். ஒச்சம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்று நூற்றியெட்டுக்குப் போன் அடித்தேன். செக்போஸ்ட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். ரேடியேட்டரை வழிய வழிய நிரப்பிவிட்டு எடுத்தேன்.

மழை. முன் கண்ணாடியில் வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடும். வேகமாகப் போனால் அவளுக்கு ஆகாது, மெதுவாகப் போனால் பிள்ளைக்கு ஆகாது. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்டேன். சத்தம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

பாலத்தில் நிறுத்தி ஒரு கேன் ஊற்றினேன். ஒத்தமரத்து ஏற்றத்தில் பாதி ஏறும்போது அந்த வெல்ல வாசம் வந்தது. உடனே ஆவி. சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தினேன்.

சூடான வண்டியின் மூடியை உடனே திறக்க முடியாது. திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறும்வரை நிற்க வேண்டும். நின்றேன். மழையில் நனைந்துகொண்டு, இஞ்சினைப் பார்த்தபடி நின்றேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் எதற்கும் நின்றதில்லை.

"அப்பா, வண்டி ஏம்ப்பா நிக்கிது?"

"மூச்சு வாங்குது தாயி. இந்தா, கெளம்பிருச்சு."

ஈரச் சாக்கைப் போட்டு மூடியைத் திருகினேன். ஒரு கேன் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றும்போதே அடியில் சத்தம் கேட்டது. இப்போது சொட்டு இல்லை, தாரையாகப் போய்க்கொண்டிருந்தது. கழுவி விட்டதில் ஓட்டை நன்றாகத் திறந்துகொண்டுவிட்டது. அடுத்த கேனும் அப்படியே கீழே போனது. மிச்சம் ஒன்று இருந்தது. அந்த ஏற்றத்தின் மிச்சத்தையும் அந்தத் தண்ணீரையும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. துணியைக் கிழித்து அடைக்கப் பார்த்தேன், கை நுழையவில்லை. ஓட்டையை அடைக்கக் குளியல் சோப்பாவது இருக்கிறதா என்று பையைக் கொட்டினேன். இல்லை. அப்போதுதான் எனக்கு அது நினைவு வந்தது. நினைவு வந்ததும் அழுகை வந்தது. அதையெல்லாம் கூட்டித் தள்ள வைத்தவன் நான்தானே.

பின்பக்கம் போய் நின்றேன். ஒச்சம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். மகளின் காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, இடுப்பில் செருகியிருந்த சேலை முனையை இழுத்து என்னிடம் நீட்டினாள். அதில் ஒரு முடிச்சு. எலுமிச்சம்பழம் அளவுக்கு.

அவிழ்த்தேன். மஞ்சள்தூள்.

"சத்தியம் பண்ணியேடி" என்றேன்.

"போட மாட்டேன்னுதான் பண்ணேன். வச்சுக்கிட மாட்டேன்னு பண்ணலயே" என்றாள். உடனே, "எம்புட்டுப் போடணும்? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். இரண்டு நாள் கழித்து என்னோடு பேசிய பேச்சு அது.

கேனில் ஒரு ஸ்பூன் அளவுக்குப் போட்டுக் குலுக்கி ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டேன். வண்டிக்கு அடியில் சேற்றில் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தேன். மஞ்சள் தாரை என் சட்டையில் விழுந்தது. பிறகு மெலிந்தது. பிறகு சொட்டானது. அடுத்த சொட்டு வருகிறது, வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

செக்போஸ்ட் வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. வெள்ளை வண்டியில் மகளை ஏற்றிய பையன் என் சட்டையைப் பார்த்துவிட்டு, "கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்றான்.

பெண் குழந்தை. ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று தொடங்கினார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

இருவருக்கும் ஒரே பயம்தான் இருந்திருக்கிறது. நான் டைரியில் எழுதினேன். அவள் ரேடியேட்டரில் போட்டாள்.

நவம்பர் 5, புதன்

ரேடியேட்டருக்குள் புதுக் குழாய்க்கட்டு போட்டாயிற்று. இந்த டைரியை அபுதாகிரிடம் கொடுத்தேன். சொன்னபடி எழுதியிருக்கிறேன் அல்லவா? ஸ்பேனரை வைத்துவிட்டு இரண்டு மூன்று பக்கம் படித்தான். "இதுல வண்டி எங்கண்ணே இருக்கு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஒச்சம்மாளைக் கூப்பிட்டு, "அக்கா, இனிமே கூலன்ட் மட்டுந்தான். மஞ்சளே கூடாது" என்றான். அவள் டாக்டரிடம் பத்தியம் கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டாள். "ஒரு சிட்டிககூட வேணாமா?" என்றாள். "ஒரு சிட்டிககூட வேணாங்க்கா" என்றான். சரி என்று தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் இனி மலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளை வந்திருந்தார். பிள்ளையைத் திருப்பூருக்கே கூட்டிப் போகட்டுமா என்று என்னிடம் கேட்டார். உங்கள் இஷ்டம் மாப்ளே என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னேன். வினோதாதான் பத்து நாளாவது அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள்.

மேலே ஏறினோம். வழியில் எங்கும் வெல்ல வாசம் இல்லை. ஒத்தமரத்து வளைவில் வேண்டுமென்றே நிறுத்தி, இறங்கி, ரேடியேட்டரின் கீழ்ப் பக்கம் கை வைத்துப் பார்த்தேன். மேலே இருக்கிற சூடே கீழேயும் இருந்தது. சொட்டு இல்லை. வண்டிக்குக் குறை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் உள்ளங்கை வியர்த்திருந்தது.

ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஒச்சம்மாள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை குழந்தையின் மேல் இருந்தது. இன்னொரு கை சேலை முனையை இறுக்கிப் பிடித்திருந்தது. அதில் முடிச்சு இருந்தது.

நான் ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தேன்.